பாலுக்கு விலை சொன்ன உழவர்கள்



கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறிச் செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் வண்டிப்பெரியார். தோட்ட வேலைக்கென வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. கூலியோடு ஒரு பசுவின் வருமானமும் சேர்ந்தால் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு துணையாகும் என்பதை மலைநாட்டுக் குடும்பங்கள் நன்கு அறியும். விடியற்காலையில் கறந்த பாலை எடுத்துச் செல்பவர் மனத்தில் எழும் கேள்வி, ‘லிட்டருக்கு என்ன விலை கிடைக்கும்?’ என்பதே. அவ்விலையைச் சொல்லும் உரிமை யாருக்கு? இக்கேள்வியை முன்னிட்டு நம் நாட்டில் நடந்த ஒரு பெரும் போராட்டத்தை இன்று நினைவு கூர்வோம்.

நெல் விளைவித்தவர், விலை படியாவிட்டால் மூட்டைகளை வீட்டில் அடுக்கிவைத்துச் சில நாள் காத்திருக்கலாம். பால் கறந்தவருக்கு அவ்வசதி இல்லை. சில மணி நேரத்தில் பால் கெட்டுவிடும். இதனை வாங்குவோர் நன்கு அறிவர். ஆகவே அவர்கள் வைத்ததே விலையாக இருந்தது.

அந்நாளில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கைரா ஜில்லாவில் நிலைமை இதுவே. 1945-ஆம் ஆண்டில் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. கைராவின் பாலைச் சேகரித்து அனுப்பும் பொறுப்பு ஆனந்த் நகரிலிருந்த போல்ஸன் நிறுவனத்திடம் இருந்தது. நகரத்தாருக்குப் பால் கிடைத்தது. நிறுவனத்துக்கு இலாபம் கிடைத்தது. எருமை வளர்த்த உழவருக்கோ உரிய விலை கிடைக்கவில்லை.

உழவர்கள் சர்தார் வல்லபபாய் படேலை அணுகினர். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாலைத் தாங்களே பதப்படுத்தி விற்க வேண்டும் என்றும், அரசாங்கம் இசையாவிடில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்றும் அவர் அறிவுரை கூறினார். 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் கூடி, அவ்வாறே தீர்மானித்தது. பதினைந்து நாட்கள் கைராவின் பால் பம்பாய்க்குச் செல்லவில்லை. அன்றாட வருமானத்தை இழந்தும் உழவர்கள் உறுதி தளரவில்லை. இறுதியில் அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பிற்காலத்தில் ‘அமுல்’ என்று புகழ்பெற்றது அதுவே.

போராட்டம் பதினைந்து நாட்களில் முடிந்தது. விலையை நிலைநிறுத்தும் பணியோ பல்லாண்டுகள் நீடித்தது. திரிபுவன்தாஸ் படேல் கிராமம் கிராமமாகச் சென்று சங்கங்களை அமைத்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்கு வந்தார். குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். பம்பாய்க்கு அவ்வளவு பாலும் தேவைப்படாது. மிஞ்சிய பாலை என்ன செய்வது? எருமைப்பாலைப் பொடியாக்கும் முறையை எச். எம். தலாயா வகுத்தார், 1955-இல் அதற்கான ஆலை திறக்கப்பட்டது. கெட்டுவிடும் என்ற அச்சத்தால் பாலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை இவ்வாறு நீங்கியது.

அவ்வழியைப் பின்பற்றி, 1965-இல் தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிற்று. கேரளத்தில் 1980-இல் ‘மில்மா’வும், தமிழகத்தில் 1981-இல் ‘ஆவின்’ இணையமும் உருவாயின.

எனினும் விலைக் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாயிற்று. அடுத்த மாதமே கேரளத்தில் மில்மா விற்பனை விலையை லிட்டருக்கு 6 ரூபாய் உயர்த்தியது. தீவனச் செலவுக்கு அது போதாதென்று 2023 மார்ச்சில் தமிழக உற்பத்தியாளர்களில் ஒரு பகுதியினர் பால் நிறுத்தப் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டு டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது.

வெளி மாநிலங்களில் மாடு வளர்க்கும் தமிழன்பர்களுக்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. கூட்டுறவில் பத்துப் பசு உடையவருக்கும் ஒரு பசு உடையவருக்கும் வாக்கு ஒன்றே. சங்கத்துச் சீட்டு மலையாளத்தில் இருந்தாலும், அதிலுள்ள கொழுப்புச் சத்தின் அளவையும் விலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுக்குழு கூடும்போது தவறாமல் செல்லுங்கள். கைரா உழவர்கள் பதினைந்து நாள் வருமானத்தை இழந்து பெற்றது, தம் பாலுக்கு விலை பேசும் இடத்தில் தாமும் அமரும் அந்த உரிமையையே.