தையல் பைக்குள் நோட்டு

1995இல் ஹெராத் நகரம் தாலிபான் கைக்குப் போனதும் பெண்களின் பள்ளிகள் மூடப்பட்டன. தையல் கற்க மட்டும் தடையில்லை. அந்த ஓட்டை போதும். 'தங்க ஊசி' என்ற தையல் வகுப்புக்குப் பெண்கள் புர்காவோடு வருவார்கள். பையில் துணி, கத்தரிக்கோல், அடியில் நோட்டு, பேனா. உள்ளே பேராசிரியர் ரஹ்யாப் இலக்கியம் நடத்துவார். பாரசீகக் கவிதையோடு ஷேக்ஸ்பியரும் உண்டு. வெளியே விளையாடும் பிள்ளைகள்தான் காவல். ஆள் நடமாட்டம் தெரிந்தால் புத்தகம் மறையும், ஊசி கைக்கு வரும்.

இந்தக் கதையைச் சொல்றவங்க பலரும் 2001லயே, தாலிபான் போனதோட நிறுத்திடுறாங்க. எனக்கு அது சரியாப் படல. அங்கே படித்த நாதியா அஞ்சுமன் பிறகு பல்கலைக்கழகம் போனார். கவிஞராகத் தொகுப்பும் கொண்டுவந்தார். 2005 நவம்பரில், வீட்டில் கணவர் அடித்த இரவில் இறந்தார். கைக்குழந்தை இருந்தது. இரண்டாவது தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தது.