ஒருவரே இட்ட இரு ஒப்பங்கள்

இறுப்பிட்டி உள்ளிட்ட புங்குடுதீவு மக்கள் குறிகட்டுவான் துறையை நன்கறிவர். அங்கிருந்து கடல் கடந்தால் நெடுந்தீவு. பெருநிலத்து மின்கம்பி எட்டாத அத்தீவு நெடுங்காலம் டீசல் இயந்திரங்களையே நம்பி நின்றது. அத்தகைய இடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வீணாக்கும் மின்சாரம், படகேற்றிக் கொணர்ந்த எண்ணெயே அன்றோ! பெட்டியோ எங்கோ செய்யப்படுவது. அதன் பசிக்கு வரம்பிடுவோரும் எங்கோ இருப்பவரே.

அவ்வரம்பை இடும் உரிமை எவருக்கு? அமெரிக்காவில் இவ்வழக்கு நீண்டது. 1974இல் கலிபோர்னியாவின் ஆளுநராயிருந்த றொனால்ட் றேகன் ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். அதன்வழி அமைந்த ஆணைக்குழு, மின்சாரத்தை மிகையாக உண்ணும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அம்மாநிலத்தில் வரம்பு கட்டியது. பிற மாநிலங்களும் தத்தம் விதிகளை வகுக்கத் தலைப்பட்டன. மாநிலத்துக்கு ஒரு பெட்டியா செய்வது என்று கலங்கிய உற்பத்தியாளர், நாடு முழுமைக்கும் ஒரே விதி வேண்டுமெனத் தாமே கேட்டனர். 1986இல் வந்த சட்டமூலத்தை, ஜனாதிபதியாகிவிட்ட அதே றேகன் ஒப்பமிடாது விட்டார். 1987 மார்ச்சில் ஒப்பமிட்டார்.

மாநிலங்களின் கை பெரும்பாலும் கட்டுண்டது. மத்திய அரசையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை உயர்த்திய தரத்தைப் பின்னர் தாழ்த்தலாகாது என்றது. சட்டத்தின் உயிர் இவ்வரியே என்பேன். வீடு முழுவதையும் குளிர்விக்கும் இயந்திரங்களுக்கு 2001இல் விதித்த 13 என்னும் திறனளவை, மறு ஆண்டில் அரசு 12 ஆக்கியது. 2004இல் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாதென்றது. 2006 ஜனவரியில் 13 நடைமுறைக்கு வந்தது.