தானுந்துப் பொறியாளர் நிறுவனமும் டோரத்தே புலிங்கரின் விண்ணப்பமும்

தானுந்துப் பொறியாளர் நிறுவனம் (இன்ஸ்டிடியூஷன் ஆஃப் ஆட்டோமொபைல் இன்ஜினியர்ஸ், சுருக்கமாக ஐ.ஏ.இ.) என்பது 1906 முதல் 1947 வரை பிரித்தானியாவில் இயங்கிய தொழில்முறை அமைப்பாகும். கார், பேருந்து, லாரி ஆகியவற்றை வடிவமைத்தவர்களும் தொழிற்சாலைகளில் அவற்றைச் செய்வித்தவர்களும் இதன் உறுப்பினர்கள்.

மோட்டார் வண்டி புதிதாக வந்த காலத்தில் அதைச் செய்யக் கற்றுத்தரும் கல்லூரி எதுவும் இல்லை. நீராவிப் பொறிகளில் வேலை செய்தவர்களும் சைக்கிள் பட்டறைகளில் வளர்ந்தவர்களும் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். பர்மிங்காமில் சைக்கிள் பொறியாளர்களுக்கென முன்பே ஒரு கழகம் இருந்தது. ஐ.ஏ.இ. அந்த வழியில் உருவானது. இதன் முதல் தலைவர் கர்னல் ஆர். இ. பி. கிராம்ப்டன். இவர் இந்தியாவில் படை அதிகாரியாக இருந்தபோது, 1870களில், சாலையில் ஓடும் நீராவி வண்டிகளை இயக்கிப் பார்த்தவர். நம் வீட்டு மின்விசிறிகளில் காணும் கிராம்ப்டன் என்ற பெயர் இவருடையதே. 1910 இல் தலைவரான பிரடெரிக் லான்செஸ்டர், கார் வடிவமைப்பிலும் வானூர்தி அறிவியலிலும் பெயர் பெற்றவர்.

உறுப்பினராவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெயருக்குப் பின்னால் எம்.ஐ.ஏ.இ. என்றோ, இணை உறுப்பினராயின் ஏ.எம்.ஐ.ஏ.இ. என்றோ எழுதிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. இளைஞர்களுக்குப் பட்டதாரி என்ற கீழ்ப்படி இருந்தது. பட்டப்படிப்பு இல்லாத தொழிலில் அந்த நான்கைந்து எழுத்துகளே ஒருவரின் திறமைக்குச் சான்று. மேலும், கூட்டங்களில் படிக்கப்பட்ட கட்டுரைகளும் அவற்றின் மீது நடந்த விவாதங்களும் ஆண்டுதோறும் நூலாக அச்சிடப்பட்டன. சந்தையில் போட்டியாளர்களாக இருந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து பேசினர்.

அமெரிக்காவில் இதே வேலையை 1905 இல் தொடங்கிய எஸ்.ஏ.இ. செய்தது. ஆண்ட்ரூ ரைக்கர் அதன் முதல் தலைவர். ஹென்றி ஃபோர்டு துணைத் தலைவர். அங்கு தரப்படுத்தலுக்கே முதலிடம். எண்ணூறு வகையாக இருந்த ஸ்பிரிங் வாஷர்களைப் பதினாறாகக் குறைத்ததாக அதன் வரலாறு கூறுகிறது. இன்று அதன் இந்தியக் கிளை அமைப்பின் தலைமையகம் சென்னையில் உள்ளது.

இனி பிரித்தானியாவுக்குத் திரும்புவோம். கதவு என்று ஒன்று இருந்தால் அது யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்ற கேள்வியும் கூடவே வரும். 1914 இல் டோரத்தே புலிங்கர் என்ற இளம்பெண் ஐ.ஏ.இ.யில் சேர விண்ணப்பித்தார். 1894 இல் பிரான்சில் பிறந்தவர். தந்தை தாமஸ் புலிங்கர் கார் வடிவமைப்பாளர். இவரோ 1910 முதலே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஆரல்-ஜான்ஸ்டன் கார் நிறுவனத்தில் வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் விசித்திரமானது: விதிகளில் உள்ள 'நபர்' என்ற சொல் ஆணைக் குறிக்குமே தவிரப் பெண்ணைக் குறிக்காதாம்! அவருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கணத்தைக் காட்டி மறுத்தார்கள்.

அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, வெடிமருந்துத் தொழிற்சாலைகள் பெண்களால் நிரம்பின. பேரோ-இன்-ஃபர்னஸ் நகரில் விக்கர்ஸ் ஆலையில் பணிபுரிந்த ஏறத்தாழ 7,000 பெண்களை மேற்பார்வையிடும் பொறுப்பு புலிங்கருக்குத் தரப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபதுகளில்தான். இப்பணிக்காக 1920 இல் எம்.பி.இ. விருது பெற்றார்.

1919 இறுதியில் பிரித்தானிய நாடாளுமன்றம், பால் அடிப்படையிலான தகுதியின்மையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு பெற்ற சங்கங்களில் சேர்வதற்குப் பெண் என்பதோ மணமானவர் என்பதோ தடையாகாது என்பது அதன் கூறுகளில் ஒன்று. அதே ஆண்டில் தொடங்கிய பெண் பொறியாளர் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் புலிங்கரும் ஒருவர். போருக்குப் பின் ஐ.ஏ.இ. தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

அக்காலத்தில் அவர் ஸ்காட்லாந்தின் டங்லேண்டில் கேலோவே மோட்டார்ஸ் ஆலையை நடத்தினார். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்கு ஐந்தாண்டு இருந்த தொழிற்பழகுநர் காலம் இங்கே பெண்களுக்கு மூன்றாண்டு. கேலோவே கார் பெண் ஓட்டுநரை மனத்தில் வைத்து உருவானது. இருக்கை உயரமாகவும் திசைமாற்றிச் சக்கரம் சிறியதாகவும் இருந்தன. 1924 இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் கார்ப் போட்டியில் அவரே ஓட்டி வென்றார். ஆனால் டங்லேண்டு ஆலை 1923 இலேயே மூடப்பட்டு, உற்பத்தி டம்ஃபிரீஸ் அருகே ஹீத்ஹாலுக்கு மாற்றப்பட்டிருந்தது. 1928 இல் கார் உற்பத்தியும் நின்றது.

புலிங்கர் அதற்கு முன்பே கார்த் தொழிலை விட்டு விலகிவிட்டார். ஆணின் வேலையைப் பறித்துக்கொண்டவர் என்ற பேச்சு அவரைச் சலிப்படையச் செய்தது. லண்டனை அடுத்த குரோய்டனில் நீராவிச் சலவை நிலையம் தொடங்கி, அதைப் பல கிளைகளாக வளர்த்தார். நிறுவனம் அவருக்கு எழுத்துகளைத் தந்தது. அந்த எழுத்துகளை மதித்து வேலை தரும் முதலாளிகளை அதனால் தர முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மீண்டும் அழைத்தார்கள். நஃபீல்டு குழுமத்தில் பெண்கள் பணிபுரிந்த 13 ஆலைகளை அவர் கவனித்துக்கொண்டார்.

இயந்திரப் பொறியாளர் நிறுவனம் (ஐ.மெக்.இ.) 1924 இல் வெரீனா ஹோம்ஸ் என்ற பெண்ணை இணை உறுப்பினராக ஏற்றது. 1947 இல் ஐ.ஏ.இ. அந்த நிறுவனத்துடன் இணைந்து அதன் தானுந்துப் பிரிவாயிற்று. புலிங்கர் போருக்குப் பின் கெர்ன்சி தீவில் குடியேறி, அங்கும் ஒரு சலவை நிலையம் நடத்தி, 1986 இல் காலமானார். 2012 இல் ஸ்காட்லாந்துப் பொறியியல் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அம்மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.