திரும்பி நடந்த 27 பேர்

1942 ஜூலை 21. பப்புவாவின் வடகரையில், கோனா அருகே ஜப்பானியப் படை இறங்கியது. கடல்வழியே போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கும் முயற்சி மே மாதம் பவளக்கடலில் முறிந்துபோனதால், இம்முறை ஓவன் ஸ்டான்லி மலையைத் தாண்டி வரத் திட்டம்.

அவர்களை மறிக்க மலைக்கு அப்பால் ஆஸ்திரேலியா நிறுத்தியிருந்த காலாட்படை, 39-வது பட்டாலியனின் ஒரே ஒரு கம்பெனி. கேப்டன் சாம் டெம்பிள்டன் அதை நடத்திச் சென்றிருந்தார். 1941 அக்டோபரில் விக்டோரியாவில் திரட்டப்பட்ட, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான மிலிஷியாக்காரர்கள் இவர்கள். பலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. வெளிநாட்டில் போரிடத் தாமாக முன்வந்த ஏ.ஐ.எஃப். (ஆஸ்திரேலிய இம்பீரியல் படை) வீரர்கள் இவர்களை 'சாக்லேட் சிப்பாய்கள்' என்று ஏளனம் செய்வார்கள், வெயிலில் உருகிவிடுவார்களாம். மோர்ஸ்பியில் ஆறு மாதம் சரக்கு இறக்கவும் பதுங்குகுழி வெட்டவும் விட்டார்களே தவிர, காட்டுப்போர் கற்றுத்தரவில்லை. அந்தப் பழி மேலிடத்தைத்தான் சேரும்.

ஜூலை 26 அன்று டெம்பிள்டன் காட்டுக்குள் காணாமல் போனார். 29-ஆம் தேதி விடியும் முன், மோர்ஸ்பிக்குச் செல்லும் மலைப்பாதையில் இருந்த கோகோடா மேட்டின் விளிம்பில் முன்வரிசையில் நின்று கையெறிகுண்டு வீசிக்கொண்டிருந்த பட்டாலியன் கமாண்டர் வில்லியம் ஓவனின் தலையில் குண்டு பாய்ந்தது. அவரைக் கவனித்தவர், அறுபதை நெருங்கிய, காது மந்தமான டாக்டர் ஜெஃப்ரி வெர்னன். பிழைக்க வழியில்லை. படை பின்வாங்கியபோது, ஓவனின் வாயை நனைத்து, வசதியாகப் படுக்கவைத்துவிட்டுத்தான் டாக்டர் புறப்பட்டார்.

ஆகஸ்ட் 16-இல் ரால்ஃப் ஹோனர் பட்டாலியனின் பொறுப்பேற்றார். பட்டாலியன் பின்வாங்கி நின்ற இசுராவாவில் அவர் கண்டது, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உலுக்கியெடுத்த, சரியான சாப்பாடில்லாத, இரவில் மழையில் நனைந்து கிடந்த ஒரு படை. 26-ஆம் தேதி ஜப்பானியரின் தாக்குதல் தொடங்கியது. அதற்குள், நோயாளிகளும் காயம்பட்டவர்களுமாக முப்பது பேரை மோர்ஸ்பி நோக்கி அனுப்பியிருந்தார்கள். பட்டாலியன் ஆபத்தில் இருக்கிறது என்ற செய்தி வழியில் அவர்களுக்கு எட்டியது. 27 பேர் மலையேறித் திரும்பிவிட்டார்கள். திரும்பாத மூவரில் ஒருவருக்குப் பாதம் போயிருந்தது. ஒருவருக்குத் தொண்டையில் குண்டு. இன்னொருவருக்கு முன்கை இல்லை. திரும்பிவந்த அந்த 27 பேரை யாரும் கூப்பிடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

உதவிக்கு வந்துசேர்ந்த ஏ.ஐ.எஃப். பட்டாலியன்கள் இவர்களோடு தோளோடு தோள் நின்றன. அதன்பின் ஏளனம் எடுபடவில்லை. இசுராவா வீழ்ந்தது உண்மை. ஆனால் இவர்கள் எதிர்த்து நின்றதால் ஏற்பட்ட தாமதம் ஜப்பானியரின் உணவையும் காலத்தையும் தின்றது. அவர்கள் மோர்ஸ்பியை எட்டவே இல்லை. காயம்பட்டவர்களை அந்தச் சேற்றுப் பாதையில் தோளில் சுமந்துபோன பப்புவா மக்களின் பங்கு இதில் சிறிதல்ல.

டிசம்பரில் கோனாவைக் கைப்பற்றிய போரிலும் இதே 39-வது பட்டாலியன் இருந்தது. 1943 ஜனவரி 25-இல் விமானத்தில் மோர்ஸ்பி திரும்பியபோது எஞ்சியிருந்தோர் 7 அதிகாரிகள், 25 வீரர்கள். அதே ஆண்டு ஜூலையில் ராணுவ நிர்வாகம் பட்டாலியனைக் கலைத்து, இருந்தவர்களை வேறு பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்பியது. இசுராவாவுக்குத் திரும்பி நடந்தவர்களுக்கு இது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

(தொடரும்)