மூளைக்கட்டிச் சிகிச்சை வரலாற்றில் வெற்றியின் அளவுகோல்: நான்கு நோயாளிகளை முன்வைத்து (1879–1931)

ஆய்வுச் சுருக்கம்

மூளைக்கட்டிச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் முதல் அறுவை, முதல் கருவி, முதல் மருத்துவர் என்னும் சாதனைகளின் வரிசையாகவே எழுதப்படுகின்றது. அவ்வரிசையில் நோயாளி பின்தள்ளப்படுகின்றார். 1879 முதல் 1931 வரையிலான நான்கு நோயாளிகளின் நிலையைக் கொண்டு, சிகிச்சையின் வெற்றியை அளக்கும் அளவுகோல் எவ்வாறு மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

முன்னுரை

மண்டையோடு மூடிய உறுப்பு மூளை. அதனுள் வளரும் கட்டியைக் கையால் தொட்டறிய இயலாது. எனவே, கட்டி எங்குள்ளது என்பதே மருத்துவர் முன் நின்ற முதல் வினாவாக இருந்தது. கட்டியை அகற்றியபின் நோயாளி எவ்வாறு வாழ்கிறார் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கான விடைகள் மருத்துவ நூல்களில் விரிவாகப் பதிவாகியுள்ளன. இரண்டாம் வினா கேட்கப்படுவதற்கே நெடுங்காலம் ஆயிற்று. அக்கால இடைவெளியே இக்கட்டுரையின் பொருளாகும்.

நோயிடம் அறிதல்: 1879, 1884

1879ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கவன் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளையுறையில் இருந்த கட்டியை அகற்றினார். அச்சிறுமி மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்ச் சிறுநீரக நோயால் இறந்தாள். எனினும், அவளுக்குக் கண்ணுக்கு மேற்புறம் புறத்தே தெரிந்த வீக்கம் இருந்தது. ஆகவே, புற அடையாளம் ஏதுமின்றி மூளைக்கட்டியைக் கண்டறிந்த நிகழ்வாக அது கொள்ளப்படவில்லை.

அப்பெருமை 1884 நவம்பர் 25 அன்று இலண்டனில் நிகழ்ந்த அறுவைக்கு வழங்கப்பட்டது. நோயாளி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 25 வயது உழவர். முகத்தின் இடப்பக்கத்தில் துடிப்பு, வலிப்பு, தாங்கவியலாத தலைவலி, வாந்தி ஆகியவற்றால் துன்புற்ற அவர், இடக்கை தளர்ந்து தொழில் செய்யவும் இயலாதவரானார். மண்டையின் வெளிப்புறத்தில் எந்த அடையாளமும் இல்லை. மூளையின் எப்பகுதி உடலின் எவ்வுறுப்பை இயக்குகின்றது என்பது பற்றி ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் நோயாளிகளிடமும், டேவிட் ஃபெரியர் விலங்குகளிடமும் கண்ட உண்மைகளைக் கொண்டு, ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் கட்டியின் இடத்தைக் கணித்தார். ரிக்மன் காட்லி அவ்விடத்தில் மண்டையோட்டைத் திறந்தார். மூளையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அக்ரூட் கொட்டையளவில் கட்டி இருந்தது. அது அகற்றப்பட்டது.

தலைவலியும் வலிப்பும் நீங்கின. ஆயின் இடப்பக்கம் செயலிழந்தது. காயத்தில் கிருமித்தொற்றும் ஏற்பட்டது. 28ஆம் நாள் அவர் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோதே, டிசம்பர் நடுப்பகுதியில், இலண்டன் ‘தி டைம்ஸ்’ இதழில் வெளிவந்த கடிதம் ஒன்று அவ்வறுவையை விலங்காய்வின் பயனுக்குச் சான்றாகக் காட்டியது. விலங்காய்வை எதிர்ப்போருக்கும் ஆதரிப்போருக்கும் நடந்த வாதத்தில் அந்த உழவர் ஒரு சான்றாவணமாக ஆனார். கணிப்பு சரியாக அமைந்தது என்பதே இங்கு வெற்றி. அவ்வெற்றிக்கு நோயாளியின் இறப்பு தடையாகக் கருதப்படவில்லை. எட்டு ஆண்டுகள் வாழ்ந்த சிறுமியைக் காட்டிலும் 28 நாட்களில் இறந்த உழவரே வரலாற்றில் மிகுதியும் பேசப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

ஆண்டுகளால் அளத்தல்: ஹார்வி குஷிங்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வி குஷிங் இவ்வளவுகோலை மாற்றினார். 1911இல் அவர் அறிமுகப்படுத்திய வெள்ளிக் கவ்விகளும், 1926இல் வில்லியம் போவியுடன் இணைந்து பயன்படுத்தத் தொடங்கிய மின்அறுவைக் கருவியும் குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்த உதவின. 1931இல் அவர் தம் 2000ஆவது மூளைக்கட்டி அறுவையைச் செய்தார்.

எண்ணிக்கையினும் குறிப்பிடத்தக்கது அவருடைய பின்தொடர் முறை. அறுவை நடந்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது தங்கள் நிலையை எழுதித் தெரிவிக்குமாறு நோயாளிகளை அவர் கேட்டுக்கொண்டார். உடன் பணியாற்றிய லூயிஸ் ஐசன்ஹார்ட் அவ்விவரங்களைத் தொடர்ந்து பதிவு செய்தார். மருத்துவமனையை விட்டுச் சென்றபின் நோயாளிக்கு நேர்வது என்ன என்பது இவ்வாறு மருத்துவ அறிவின் பகுதியாயிற்று.

படைத்தலைவர் லியனார்ட் வுட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இடக்காலில் தொடங்கும் வலிப்பால் துன்புற்ற அவருக்கு 1910இல் குஷிங் மூளையுறைக் கட்டியை அகற்றினார். அதன்பின் வுட் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1920இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். 1921இல் பிலிப்பைன்ஸின் தலைமை ஆளுநரானார். கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927 ஆகஸ்டில் நடந்த மறு அறுவைக்குப்பின் இறந்தார். கட்டியோடு அவர் வாழ்ந்த 17 ஆண்டுகள், ‘குணமாதல்’, ‘இறத்தல்’ ஆகிய இரண்டிற்கும் இடையே ஒரு முழு வாழ்க்கை இருக்கக்கூடும் என்பதைக் காட்டின.

வாழ்வின் தன்மையால் அளத்தல்: 1928

நான்காம் நோயாளி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்டின் உடன்பிறந்த சகோதரி. நெடுங்காலமாக வலிப்புக்கு ஆளாகியிருந்த அவருக்கு 1928இல் பென்ஃபீல்டே அறுவை செய்தார். வலப்புற முன்மடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஆயினும் கட்டியை முழுமையாக நீக்க இயலவில்லை.

சகோதரி இல்லம் திரும்பி, பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினார். பேச்சும் நினைவும் குறைவுபடவில்லை. ஒரு நாள் விருந்தினராக வந்த தம்பிக்கும் குடும்பத்தார்க்கும் இரவு உணவு சமைக்க முனைந்தார். பொருள்கள் அனைத்தும் அடுக்களையில் இருந்தன. நாள் முழுதும் நேரமும் இருந்தது. ஆயின் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என ஒழுங்குபடுத்த இயலாமல் அவர் கலங்கி நின்றார். தம்பி உதவியதும் உணவு ஆயத்தமாயிற்று. வழக்கமான மருத்துவச் சோதனை எதிலும் புலப்படாத இக்குறையை அடுக்களை புலப்படுத்தியது. பென்ஃபீல்டு 1935இல் முன்மடல் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்நிகழ்வையும் பதிவு செய்தார். கட்டி மீண்டும் வளர, குஷிங் மறு அறுவை செய்தும், 1931இல் சகோதரி காலமானார்.

தமிழகத் தொடர்ச்சி

பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் உருவானது. கணினி வழிப் படம் முதன்முதலாக 1971இல் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையைக் காட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. நோயாளி கூறுவதைக் கேட்பதும் அவருடைய உடல் அசைவுகளை நோக்குவதுமே நோயிடம் அறியும் முதன்மை வழிகளாக இருந்தன. இவ்விரு நிறுவனங்களின் வரலாறும் நிறுவனர், ஆண்டு, முதல் அறுவை என்னும் வரிசையில் மட்டும் எழுதப்படுமாயின், 1884இல் நிகழ்ந்த மறதியே மீண்டும் நிகழும்.

முடிவுரை

1884இல் கணிப்பின் சரியே வெற்றி. குஷிங்கின் காலத்தில் வாழ்ந்த ஆண்டுகள் வெற்றி. பென்ஃபீல்டின் பதிவில் அவ்வாண்டுகளில் வாழ்ந்த வாழ்வின் தன்மையும் வினாவாகின்றது. இம்மாற்றத்திற்குக் கருவிகள் மட்டும் காரணமல்ல. நோயாளியின் மடலும் அடுக்களையும் சான்றுகளாக ஏற்கப்பட்டமையும் காரணமாகும். தமிழில் மருத்துவ வரலாறு எழுதுவோர் மருத்துவர்தம் தன்வரலாறுகளோடு, நோயாளிக் குறிப்பேடுகளையும் குடும்பத்தாரின் வாய்மொழிகளையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். வாய்மொழி கூறவல்லோர் முதுமையுற்று வருதலின் இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.