சைப்ரஸ் சொத்து வியாஜ்யங்கள்

சைப்ரஸ் தீவின் வடபகுதியில் 1974-க்குப் பின் வீடு நிலங்களை இழந்தோர், அவற்றின்பொருட்டு உள்நாட்டிலும் அயல்நாட்டிலும் தொடுத்த வழக்குகள் இத்தலைப்பில் அடங்கும். தீவின் நிலப்பதிவு முறை ஆட்டோமான் காலத்தில் வேரூன்றிப் பிரிட்டிஷ் ஆட்சியில் திருத்தம் பெற்றது.

1974 ஜூலை 20-இல் கரையிறங்கிய துருக்கிப் படைகள், ஆகஸ்டு மாதத்திற்குள் தீவின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமான நிலத்தைக் கைக்கொண்டன. உத்தரவாத உடன்படிக்கைப்படி வந்ததாகத் துருக்கியும், ஆக்கிரமிப்பென்று சைப்ரஸ் குடியரசும் கூறும். தெற்கே ஓடிவந்த கிரேக்க சைப்ரஸ்வாசிகள் 1,60,000 பேர் என்பாரும் 2,00,000 பேர் என்பாரும் உளர். துருக்கிய சைப்ரஸ்வாசிகள் தெற்கில் விட்டுச்சென்ற சொத்துக்கள், 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சரின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன.

இவ்வியாஜ்யங்களுள் தலையாயது, கைரேனியாவில் வளர்ந்த டிட்டினா லொய்சிடு என்னும் மாது துருக்கியின்மீது 1989-இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தினிடம் செய்துகொண்ட முறையீடு ஆகும். மணமாகி 1972-இல் நிக்கோசியாவுக்குக் குடிபெயர்ந்த அவருக்குக் கைரேனியாவில் பல மனைகள் இருந்தன. ஒன்றில் அடுக்கு வீடுகள் எழும்பத் தொடங்கியிருக்க, அவற்றுள் ஒரு வீடு தம் குடும்பத்துக்கென்று அவர் கருதியிருந்த வேளையில் போர் மூண்டது. 1989 மார்ச்சில், வீடு திரும்பும் உரிமை கோரிய மாதர் ஊர்வலத்தோடு லிம்பியா கிராமத்தருகே எல்லைக்கோட்டைத் தாண்டியபோது பிடிபட்டு, ஆம்புலன்ஸ் வண்டியொன்றில் நிக்கோசியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் காவலிலிருந்து, நள்ளிரவை ஒட்டி விடுவிக்கப்பட்டார். சொத்து வாதத்திற்கு இவ்வண்டி எள்ளளவும் அவசியமன்று. ஆயினும் தீர்ப்பின் வறண்ட பத்திகளுக்கிடையே அது தவறாமல் இடம்பெற்றிருக்கிறது.

வடக்கே நடப்பது தனியரசு என்றும், அதன் 1985-ஆம் ஆண்டு அரசியற்சட்டத்தின் 159-ஆம் பிரிவினால் அச்சொத்துக்கள் அதற்கே பாத்தியமாயின என்றும் இம்முறையீட்டில் எழுந்த வாதத்தை, 1996 டிசம்பர் 18-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நிராகரித்தது. துருக்கியன்றிப் பிறர் அங்கீகரியாத ஆட்சியின் சட்டத்தால் அம்மாதின் உடைமை அழியாதென்றும், படைபலத்தால் அப்பகுதியை ஆதிக்கத்தில் வைத்திருக்கும் துருக்கியே பொறுப்பென்றும் 11-க்கு 6 என்ற பெரும்பான்மையால் தீர்ந்தது. அனுபோக இழப்புக்கு மட்டும் 3,00,000 சைப்ரஸ் பவுன் 1998-இல் விதிக்கப்பட்டது. துருக்கி அதனை 2003 டிசம்பரில்தான் செலுத்திற்று.

லாபிதோஸில் பிறர் நிலத்தில் வீடமைத்த பிரிட்டிஷ் தம்பதியருக்கு எதிரான நிக்கோசியா நீதிமன்றத் தீர்ப்பு இங்கிலாந்திலும் செல்லுபடியாகுமென்று 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறியது.

வடக்கில் 2006-இல் அமைந்த அசையாச் சொத்து ஆணையம் தக்க பரிகாரமே என்று மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. அது மெய்யான பரிகாரமா, காலதாமதமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஆணையம் தீர்த்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை நஷ்டஈட்டுப் பணத்தோடு முடிந்தன. நிலமே திரும்பக் கிடைத்தவை சொற்பம்.