ஸ்ரீவராகம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தெற்கே, நடந்தே போய்விடும் தூரத்தில் உள்ள குடியிருப்புப் பகுதி. லட்சுமியை மடியில் இருத்திய வராக மூர்த்தியின் கோயிலால் பெயர் பெற்றது. அக்கோயிலின் குளம் கேரளத்தின் பெரிய கோயில் குளங்களுள் ஒன்று. நகருக்குள் இருந்தாலும் தென் திருவிதாங்கூரின் கிராமப்புறத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் சில நாள் தங்குவதற்கு ஏற்ற இடம் இது. கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையம் அருகிலேயே இருக்கிறது. தம்பானூர் ரயில் நிலையமும் விமான நிலையமும் சில கிலோமீட்டர்தான்.

இப்படி ஓரிடத்தில் வீடெடுத்துத் தங்கி, நாள்தோறும் ஒரு திசையில் போய் வரும் பழக்கம் தெற்கு பிரான்சில் நன்கு வேரூன்றியது. மக்கள் நகரங்களுக்குப் போய்விட, வெறிச்சோடிய கிராம வீடுகளைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு 1951-ல் ப்ரோவான்ஸ் மலைப்பகுதியில் தொடங்கியது; 1955-ல் அதற்கொரு தேசியக் கூட்டமைப்பும் உருவானது. கேரளத்தின் 'ஹோம் ஸ்டே' இதற்கு நெருங்கிய உறவு. வீட்டுக்காரர் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. விருந்தாளிக்கு அதனால் வீட்டுச் சாப்பாடும் ஊர்ப் பேச்சும் கிடைக்கின்றன.

ஸ்ரீவராகத்திலிருந்து தெற்கே முதலில் வருவது வெள்ளாயணி. நன்னீர் ஏரி, தாமரை, காய்கறி வயல்கள், 1955-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி என்று அரைநாளுக்கு நிறைவான இடம். கோவளத்துக்கு விரைகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். விழிஞ்ஞத்தில் பழைய குடைவரைக் கோயில் உண்டு. நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம். 1888-ல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவிய இடம். நெய்யாறு கடலில் சேருமிடம் பூவாறு.

இதற்கப்பால், களியக்காவிளையில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. பயணக் கையேடுகள் பலவும் அங்கேயே நின்றுவிடுவது பெரிய குறை. 1956 நவம்பர் 1 வரை, எல்லைக்கப்பால் இன்று தமிழ்நாட்டில் இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவை. எல்லைக்கு இருபுறமும் ரப்பர், தென்னை, வாழை. மரச்சீனியும் மீன்குழம்பும் இருபுறமும் உணவு. பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். இந்த நிலத்தை ஒன்றாகப் பார்த்தால்தான் புரியும்.

தக்கலைக்கு அருகே, சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை. மரவேலைக்கு இதற்கிணையான அரண்மனை தென்னாட்டில் இல்லை எனலாம். 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்து உதயகிரிக் கோட்டையில், 1741 குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாக மாறிய டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் திருவட்டாறு கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. சிதறாலில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். மாத்தூரில் 115 அடி உயரத் தொட்டிப்பாலம். இரண்டுக்கும் காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் சுடும்.

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பயணம் எளிது. ஆனாலும் நவராத்திரிக்கு முந்தைய நாட்களே சிறந்தவை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, திருவனந்தபுரம் வருகிறார்கள். களியக்காவிளையில் இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்கின்றன. திருவனந்தபுரம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன் ஒன்பது நாளும் மாலையில் கச்சேரி நடக்கும். ஸ்ரீவராகத்தில் தங்கியவர் நடந்தே போய்க் கேட்கலாம். விழா முடிந்ததும் மூன்று தெய்வங்களும் அதே சாலை வழியே திரும்புகின்றன.